மென்பொருள் மொழிபெயர்ப்பும் களஞ்சிய ஒத்திசைவும்: ஒரு மதிப்பீடு

கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் ஒரு களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கும். எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்துவைக்கும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை அக்களஞ்சியத்தைப் பேணுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் இவ்வகையில் இன்று மிகப் பரவலானது. அம்மென்பொருளின் பொத்தான்களிலும் பட்டியல்களிலும் வரும் சொற்களைத் தமிழாக்குபவர்களில் பெரும்பாலோர் நிரலர் அல்லர். அவர்களுக்குக் கிட் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உலாவியில் ஒரு தளத்தைத் திறந்தால் ஆங்கிலத் தொடரும் அதற்குரிய வெற்றுப் பெட்டியும் தெரியும், பெட்டியை நிரப்பிச் சேமிப்பார்கள். புதிய ஆங்கிலத் தொடர்கள் களஞ்சியத்திலிருந்து தளத்துக்கு வரவும் நிரப்பிய தமிழ் தளத்திலிருந்து களஞ்சியத்துக்குப் போகவும் செய்யும் ஏற்பாடே ஒத்திசைவு.

இந்த ஏற்பாட்டை நிரலர்கள் தங்கள் பக்கத்திலிருந்து நிறையவே மதிப்பிட்டிருக்கிறார்கள். பெட்டியை நிரப்புபவரின் பக்கத்திலிருந்து, அதுவும் தமிழ் இலக்கணத்தை மனத்தில் கொண்டு பார்க்கும்போது மதிப்பெண் வேறாக விழுகிறது. வெப்லேட், டிரான்ஸ்லேட்விக்கி ஆகிய இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வெப்லேட்டின் நேர்மை

வெப்லேட்டை மிகால் சிகார் 2012-இல் தொடங்கினார். பெடோரா, லிப்ரேஆபிஸ் போன்ற பெரிய திட்டங்கள் இன்று அதைப் பயன்படுத்துகின்றன. களஞ்சியத்தின் படி ஒன்றை அது தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நாம் சேமிக்கும் ஒவ்வொரு சொல்லையும் உடனே களஞ்சியப் பதிவாக்குவதில்லை. ஒருவர் செய்தவற்றைச் சேர்த்துவைத்து, வேறொருவர் அதே தொடரைத் தொடும்போதோ, மூலக் களஞ்சியத்திலிருந்து புதிய மாற்றம் வரும்போதோ, குறித்த நேரம் கடந்தபோதோ மொத்தமாகப் பதிகிறது. அப்பதிவு மொழிபெயர்த்தவரின் பெயரிலேயே அமைகிறது. ஐம்பது சொற்களை மொழிபெயர்த்த ஒரு கல்லூரி மாணவி, நிரல் எழுதியவர்களுக்குச் சமமாக அத்திட்டத்தின் வரலாற்றில் நிற்கிறாள். தன்னார்வலருக்கு ஊதியம் இல்லாத துறையில் இது சிறிய செய்தியன்று. (பெயரோடு மின்னஞ்சல் முகவரியும் அப்பதிவில் நிலைத்துவிடும். அதை விரும்பாதவர்கள் தொடங்கும் முன்பே தங்கள் கணக்கின் அமைப்பில் வேறு முகவரி கொடுத்துக்கொள்ள வேண்டும்.)

முரண்பாடு எழும்போதும் வெப்லேட் ஒளிப்பதில்லை. நாம் தளத்தில் மாற்றிய அதே கோப்பை நிரலர் களஞ்சியத்தில் மாற்றியிருந்து, இரண்டும் இணைய மறுத்தால், நிலைமையைச் சொல்லி வேலையை நிறுத்திவைக்கிறது. கெட்டெக்ஸ்ட் முறையின் பிஓ கோப்புகளில் இது எளிதில் நேரும். ஒவ்வொரு தொடருக்கும் மேலே, அது நிரலில் எந்த வரியில் உள்ளது என்ற குறிப்பு இருக்கும். நிரலில் நாலு வரி கூடினால் அக்குறிப்புகள் எல்லாம் மாறிவிடும். சொல் ஒன்றும் மாறாமலே கோப்பு முழுதும் மாறியதாகத் தோன்றும்.

‘ஆல்’ என்றால் என்ன?

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘ஆல்’ என்ற ஒரே சொல், பயனர் பட்டியலின் மேலே இருந்தால் தமிழில் ‘அனைவரும்’, கோப்புப் பட்டியலின் மேலே இருந்தால் ‘அனைத்தும்’. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த உயர்திணை, அஃறிணை வேறுபாடுதான். ஆனால் கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கிலத் தொடரே அதன் அடையாளமும் ஆகும். நிரலில் பத்து இடங்களில் ‘ஆல்’ வந்தாலும், நிரலர் தனித்தனிச் சூழல் குறிப்புக் கொடுத்திராவிட்டால், மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைப்பது ஒரே பெட்டி. அதில் எதை எழுதினாலும் ஏதோ ஓர் இடத்தில் பிழை. பல மென்பொருள்களின் தமிழ் இடைமுகத்தில் திணை வழு தென்படுவதற்கு மொழிபெயர்ப்பாளரின் அறியாமையே காரணம் என்று ஏளனம் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சொல் வரிசையும் இப்படித்தான். ‘இந்தக் கோப்பை இந்தக் கோப்புறையிலிருந்து நீக்கு’ என்ற பொருளுள்ள ஆங்கிலத் தொடரில் இரண்டு பெயர்களுக்கு இரண்டு இடநிரப்பிகள் இருக்கும். தமிழில் கோப்புறையை முன்னே வைத்தால்தான் பல தொடர்கள் இயல்பாக அமையும். சி மொழியில் எழுதிய நிரலென்றால் எண் கொடுத்து வரிசையை மாற்றிக்கொள்ளலாம். பைத்தானின் பழைய விழுக்காட்டுக் குறி முறையில், பெயரிடாத இடநிரப்பிகளை வரிசை மாற்ற வழியே இல்லை. நிரலர் அவற்றுக்குப் பெயரிட்டால்தான் உண்டு.

இரண்டிலும் தீர்வு மூலநிரலில் இருக்கிறது, சிக்கலை அறிந்தவரோ தளத்தில் இருக்கிறார். அவரால் களஞ்சியத்துக்கு அனுப்ப முடிந்தது விடை மட்டுமே. ‘இது மக்களைக் குறிக்கிறதா, பொருள்களைக் குறிக்கிறதா?’ என்ற கேள்வியை அனுப்ப முடிவதில்லை. வெப்லேட்டில் கருத்து எழுத இடமுண்டு, விளக்கமும் திரைப்படமும் சேர்க்கும் வசதியும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் தளத்தின் தரவுத்தளத்திலேயே தங்கிவிடுகின்றன. மூலத் தொடரைப் பற்றிய கேள்வி நிரலருக்கு மின்னஞ்சலாகப் போகும்படி செய்யலாம், அதற்கு அத்திட்டத்தார் முன்பே ஒரு முகவரியைக் கொடுத்திருக்க வேண்டும். பிஓ கோப்பில் மொழிபெயர்ப்பாளரும் குறிப்பு எழுதலாம் என்பார்கள். எழுதலாம், ஆனால் தமிழ்க் கோப்பில் எழுதிய குறிப்பு தமிழ்க் கோப்பிலேயே கிடக்கும். இதே சிக்கலை உடைய மலையாள, தெலுங்கு மொழிபெயர்ப்பாளர்கள் அதே கேள்வியை முதலிலிருந்து கேட்க வேண்டும்.

டிரான்ஸ்லேட்விக்கியின் விளக்கக் கோப்பு

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியின் மொழிபெயர்ப்பு டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் நடக்கிறது. இங்கே ஒவ்வொரு தொடருக்கும் தனிப் பெயர் உண்டு. ஆகவே ஆங்கிலத்தில் ஒன்றாகவே இருக்கும் இரண்டு ‘ஆல்’களுக்கும் தனித்தனிப் பெட்டி கிடைக்கும். இடநிரப்பிகளுக்கு முதலிலேயே எண் இருப்பதால் சொல் வரிசையிலும் தடையில்லை. 2014 முதல் இத்தொடர்கள் மொழிக்கு ஒன்றாக ஜேசன் கோப்புகளில் உள்ளன. அவற்றுள் கியூ-கியூ-கியூ என்ற மூன்றெழுத்துக் குறியீட்டைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்பும் உண்டு. அது எந்த மொழிக்கும் உரியதன்று. தொடர் திரையில் எங்கே வருகிறது, ஒன்று என்ற எண்ணுள்ள இடநிரப்பி பயனரின் பெயரா, பக்கத்தின் தலைப்பா என்பன போன்ற விளக்கங்கள் அதில் இருக்கின்றன.

இந்த விளக்கத்தின் பயனைத் தமிழர் எளிதில் உணரலாம். இடநிரப்பியோடு வேற்றுமை உருபை ஒட்டினால் ‘கண்ணன்ஐத் தடைசெய்’ என்று திரையில் வரும். அதைத் தவிர்க்க ‘கண்ணன் என்பவரைத் தடைசெய்’ என்று எழுதுகிறோம். வரப்போவது ஆளா, கோப்பா என்று தெரியாமல் ‘என்பவரை’ போடவும் முடியாது, ‘என்பதை’ போடவும் முடியாது.

நான் பெரிதாக மதிப்பது இதன் போக்கை. அக்கோப்பை நிரலர் மட்டுமன்றி மொழிபெயர்ப்பாளர்களும் தளத்திலேயே திருத்தலாம். அத்திருத்தம் தமிழ்க் கோப்பு போகும் அதே வண்டியில் களஞ்சியத்துக்குப் போகிறது. கன்னடத்துக்காக ஒருவர் கேட்டுத் தெளிந்து எழுதிய விளக்கம் நாளை தமிழுக்கும் உதவும்.

ஆனால் வெப்லேட் தரும் மதிப்பை இத்தளம் தருவதில்லை. எல்லா மொழிகளின் மாற்றங்களும் ஒரு தானியங்கியின் பெயரில் மொத்தமாகக் களஞ்சியத்தில் சேர்கின்றன. ஜேசன் கோப்பின் தலையில் பங்களித்தோர் பெயர்ப்பட்டியல் இருக்கும். எந்த வரி யாருடையது என்பதைக் களஞ்சியம் சொல்லாது, தளத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். வகுப்பு முழுமைக்கும் ஒரே மதிப்பெண் போட்டதுபோல.

மூலம் மாறும்போது

ஆங்கிலத் தொடரில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் தமிழ் என்னாகும்? கெட்டெக்ஸ்டில் அது ‘ஐயத்துக்குரியது’ என்ற குறியைப் பெறும். அக்குறியுள்ளவை வழக்கமாக மென்பொருளில் சேர்க்கப்படுவதில்லை என்பதால், யாராவது வந்து சரிபார்க்கும்வரை திரையில் ஆங்கிலமே தெரியும். ஆள்பலமுள்ள மொழிகளில் அது சில நாள். இரண்டு மூன்று பேர் மட்டும் கவனிக்கும் மொழியில் அடுத்த வெளியீடும் கடந்துவிடலாம். நிரலர் அதே எழுத்துப்பிழையை எல்லா மொழிக் கோப்புகளின் மூலவரியிலும் சேர்த்தே திருத்தினால் இழப்பில்லை. அப்படிச் செய்யுமுன் தளத்தில் காத்திருக்கும் மொழிபெயர்ப்புகளைக் களஞ்சியத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் முன்சொன்ன முரண்பாடு எழும். டிரான்ஸ்லேட்விக்கியில் மாற்றத்தை உள்ளே கொண்டுவரும் பராமரிப்பாளர், பழைய மொழிபெயர்ப்புகளைக் காலாவதியாகக் குறிப்பதா வேண்டாமா என்று தாமே தேர்ந்தெடுக்கலாம். காற்புள்ளிக்கும் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே ஒரு மனிதர் பார்க்கிறார். இவ்விடத்தில் தானியக்கம் குறைவாக இருப்பதையே நான் விரும்புவேன்.

கெட்டெக்ஸ்டைக் கைவிடச் சொல்வதில் பயனில்லை, அதில் எழுதப்பட்ட மென்பொருள்கள் ஏராளம். சூழல் குறிப்பும் நிரலர் விளக்கமும் எழுத அதிலேயே இடமிருக்கிறது. வெப்லேட்டில் தமிழ் செய்யத் தொடங்குவோர், முதல் சொல்லை நிரப்புமுன் அத்திட்டத்தார் மூலத் தொடர்க் கேள்விகளுக்கு முகவரி கொடுத்திருக்கிறார்களா என்று விசாரிப்பது நல்லது. கொடுக்கவில்லையென்றால், ‘ஆல்’ பற்றிய கேள்வியைத் திட்டத்தின் வழுப் பதிவேட்டில் நேரடியாக இடலாம். அதை நிரலர் படிப்பார்.