கத்ரீனா சூறாவளியும் விவிலியத் தீர்க்கதரிசனமும்

2005 ஆகஸ்ட் 29 அன்று ஐக்கிய அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியால் நியூ ஓர்லியன்ஸ் நகரின் ஏறத்தாழ 80% பகுதி நீரில் மூழ்கியது. கிறித்தவப் போதகர்கள் சிலர் இதனை அந்நகரின் பாவங்களுக்குக் கடவுள் அளித்த தண்டனை என்றனர். வேறு சிலர் லூக்கா 21:25 கூறும் கடல் முழக்கத்தோடு இணைத்து, இறுதிக்கால அடையாளம் என்றனர்.

முதல் விளக்கம் நகரின் நில அமைப்போடு பொருந்துவதில்லை. கேளிக்கைக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சுக் குடியிருப்பு மேட்டுநிலத்தில் இருந்ததால் பெரும்பாலும் தப்பியது. உழைக்கும் கறுப்பின மக்கள் வாழ்ந்த, தேவாலயங்கள் பல கொண்ட கீழ் ஒன்பதாம் வட்டாரம் சிதைந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் பலவும் வடிவமைப்புக் குறைபாட்டால் உடைந்தன என்பதைப் பின்னர் நடந்த பொறியியல் ஆய்வுகள் காட்டின.

இரண்டாவது விளக்கத்தின் சிக்கல் வேறு. கடல் எல்லாத் தலைமுறையிலும் கொந்தளித்துள்ளது. எக்காலத்துக்கும் பொருந்தும் அடையாளம் எந்தக் காலத்தையும் தனித்துச் சுட்டாது.

இதே லூக்கா நற்செய்தியில் (13:4), சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு மறுக்கிறார். தண்டனை விளக்கம் இப்பகுதியைக் கடந்துசெல்கிறது. அதனால் சுவர் கட்டியோரிடம் கேட்கவேண்டிய கேள்வி, வீடிழந்தோர் மீதான குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது.