இரண்டு வாத்தியார்கள்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் வாத்தியார் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்கிறவர் ஒருவர். இரவில் களரியில் கூத்துச் சொல்லிக்கொடுத்து, தாமும் வேஷம் கட்டி ஆடுகிறவர் மற்றவர். முதல் வாத்தியாருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. இரண்டாமவருக்குக் கோயில் நோன்பி நடக்கிற மாதங்களில் கூத்து உண்டு. மற்ற மாதங்களில் கூலி வேலை உண்டு. ஒரே ஊரில் இருந்தும் இந்த இருவரும் பிள்ளைகள் முன்னால் சேர்ந்து நின்றது அபூர்வம். இவர்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் சேர்த்துவைக்கிற விதத்தைப் பற்றி எனக்குச் சில ஆட்சேபணைகள் உண்டு.

நம்மவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1977-ல் டில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் ஆரம்பித்த ஸ்பிக் மெக்கே, பெரிய வித்வான்களைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அழைத்துப்போய் மாணவர்கள் எதிரே உட்கார வைத்தது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, பாடத்தோடு கலையை இணைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியது. 2019-ல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'நிகழ்கலை' என்று ஒரு பாடமே இருக்கிறது. கரகாட்டம், ஒயிலாட்டம், தெருக்கூத்து எல்லாம் அதில் வருகின்றன. கூத்து நடக்கிற ஊரிலேயே அதைப் புத்தகத்தில் படித்து, குறுவினாவுக்கு விடை எழுதி, இரண்டு மார்க் வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேராகவே காட்டிவிடலாமே என்று ஒருவருக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை.

அப்படித் தோன்றிய ஒரு பள்ளிக்கு நான் போயிருந்தேன். தாரமங்கலத்துப் பக்கம். ஊர் பேரும் பள்ளி பேரும் வேண்டாம். சாப்பாட்டு வேளை முடிந்ததும் முக்கால் மணி நேரம் 'கர்ண மோட்சம்' ஆட ஏற்பாடு. விடிய விடிய ஆடுகிற கூத்தை முக்கால் மணிக்குள் அடக்க வேண்டும். போதாததற்கு டெங்குக் கொசுவைப் பற்றியும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். கூத்து வாத்தியார் மறுக்கவில்லை. கோமாளி வந்து கொசுவைப் பற்றிப் பேசினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஊர் நடப்பைப் பேசுவது கோமாளியின் பிறப்புரிமை. பிறகு கர்ணன் திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடி வந்தான், நாலு சுற்றுச் சுற்றினான், தானம் கொடுத்தான், செத்துப்போனான். கொடையின் சிறப்பைப் பற்றித் தலைமையாசிரியர் ஐந்து நிமிஷம் பேசினார். மணி அடித்தது.

பொன்னுருவியைக் காணோம்.

கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கர்ண மோட்சத்தின் உயிர் அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறது. தேரோட்டி மகன் என்று கட்டின புருஷனையே தள்ளி வைத்தவள் அவள். அவன் யுத்தத்துக்குப் புறப்படும்போதுதான் அவன் பிறப்பு அவளுக்குத் தெரிகிறது. அவள் அழுகிற அழுகைக்காகவே பெண்கள் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏன் அந்தக் கட்டத்தை விட்டீர்கள் என்று வாத்தியாரைக் கேட்டேன். "பிள்ளைங்க முன்னால சாதிப் பேச்சு வேண்டாம்னுட்டாங்க சார்" என்றார்.

அடுத்த மாதமே பக்கத்து ஊர் மாரியம்மன் நோன்பியில் அதே குழு அதே கூத்தை முழுதாக ஆடியது. முகவீணையும் மிருதங்கமும் கேட்டு நானும் போய் உட்கார்ந்தேன். பள்ளியில் பார்த்த பிள்ளைகளில் பலர் முன்வரிசையில் மண்ணில் இருந்தார்கள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பொன்னுருவி வந்ததும் எழுந்துகொண்டார்கள். என் பக்கத்தில் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி, பாட்டியின் மடியில் சாய்ந்தபடி கேட்டாள்:

"ஏனாயா, என்ன குலம்னு கேட்டுத் தொரத்துனவ, இப்ப எதுக்கு அழுவுறா?"

"இப்பத்தான் தெரிஞ்சுதாம் கண்ணு, அவன் ராசா மகன்னு."

"தெரியாமயே இருந்திருந்தா அழுதிருக்க மாட்டாளா?"

ஆயா பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் பாடம் என்றால் அதுதான் பாடம். அந்தக் கேள்வி வகுப்பறையில் எழுந்திருக்க வேண்டியது. எழ விடாமல் பார்த்துக்கொண்டோம்.

வகுப்பில் உதவட்டும் என்று கலையைக் கூப்பிடுகிறவர்கள், என்ன உதவி என்பதை முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். கொடைக்கு ஒரு உதாரணம் வேண்டும், கொசு ஒழிய வேண்டும், மார்க் ஏற வேண்டும். இதற்கெல்லாம் படம் போட்ட அட்டை போதும். மார்புப் பதக்கமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் வெயிலில் வியர்க்க வேண்டியதில்லை. கலைத் திருவிழாவிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். மேடை ஏறாத பிள்ளைக்கு அதில் என்ன பங்கு? நல்ல ஆட்டத்தைப் பார்க்கத் தெரிவதும் ஒரு கல்விதான்.

நேரம் எங்கே இருக்கிறது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து பெல்கிரேட் நாடக அரங்கம், 1965-ல் பள்ளிகளுக்கென்றே தனிக்குழு ஒன்றை அமைத்தது. நடிப்பும் தெரிந்து கற்பிக்கவும் தெரிந்தவர்கள் வகுப்புக்குள் போய், பிள்ளைகளையும் கதையில் இறக்கிப் பேச வைத்தார்கள். நம்மிடமும் உதாரணம் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில், 2002 முதல் 2020 வரை பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்றார்கள். சேலம் மாவட்டத்திலேயே, மேட்டூர் வட்டத்து ஏர்வாடியில் 'மணல்வீடு' பத்திரிகையின் மு. ஹரிகிருஷ்ணன், கூத்துக் கலைஞர்களுக்காகக் 'களரி' என்று ஒரு அமைப்பை உண்டாக்கினார். ஆகவே ஆள் இல்லை, வழி இல்லை என்று சொல்வதற்கில்லை.

இதே கூத்தின் பேரில் 2008-ல் ஒரு குறும்படம் வந்தது. எஸ். ராமகிருஷ்ணன் எழுத, முரளி மனோகர் எடுத்தது. பள்ளிக்கூடத்தில் ஆடச் சென்னைக்கு வருகிற கூத்துக் கலைஞன், அன்று பள்ளி மூடியிருப்பதைப் பார்த்துத் தெருவில் நிற்கிறான். கடைசியில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற ஒரு சிறுமிக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறான். பள்ளியின் கதவு சாத்தியிருந்ததால் கலை பள்ளிக்குப் போகாத பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது. நான் பார்த்த பள்ளியில் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் பொன்னுருவி வெளியே நின்றாள்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. வருஷத்தில் ஒரு நாள், ஒரு முழு மத்தியானம் கூத்துக்கு விடட்டும். எல்லாக் கட்டமும் வேண்டாம். ஒரே ஒரு கட்டத்தை, வெட்டாமல், அதன் கதியில் ஆடட்டும். எந்தக் கட்டம் என்பதைக் கூத்து வாத்தியார் தீர்மானிக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் யாரும் கருத்துரை சொல்ல வேண்டாம், பிள்ளைகள் கேட்கட்டும். பேசின கூலியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடட்டும். முக்கியமாக, வேஷம் கலைத்த பிறகு அவரை ஆசிரியர்கள் அறைக்கு அழைத்து, மற்ற வாத்தியார்களோடு ஒரு நாற்காலியில் உட்கார வைக்கட்டும்.

அதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.