மலை நிலத்துக்கு லீகல் ஒபீனியன் எழுதுவோர் எங்கே கற்பது?

1897-ல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காட்டை அறிவித்தபோது அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா? முன்னால் ஓர் இரண்டு உண்டா இல்லையா என்பது நூற்றாண்டு கடந்தும் உச்ச நீதிமன்றத்தில் தீராத வழக்கு. முதல் கணக்கே சரி என்கிறது கேரள அரசு. இரண்டாவதே சரி என்கிறார்கள் வழக்குத் தொடுத்த சூழலியலாளர்கள். 2024 அக்டோபரில் நீதிமன்றம் அந்தப் பகுதியில் புதிதாகப் பட்டயம் (அரசு நிலத்துக்கான உரிமைப் பத்திரம்) வழங்க இடைக்காலத் தடை விதித்தது. இதற்கிடையே உடும்பன்சோலையில் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தை வாங்க ஒருவர் வங்கிக் கடன் கேட்கிறார். “உரிமையில் குறையில்லை” என்று வங்கியின் பேனல் வழக்கறிஞர் லீகல் ஒபீனியன் எழுதிக் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் எவ்வளவு படிப்பு இருக்க வேண்டும், அதை யார் உறுதிசெய்வது? கேரளத்தின் தமிழ் எல்லைப் பகுதிகளை முன்வைத்து இந்தக் கேள்வியை எடைபோட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் மருத்துவருக்கு ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வியை 2002-ன் நெறிமுறைகள் விதித்தன. பட்டயக் கணக்காளர்களுக்கும் கட்டாயத் தொடர்கல்வி உண்டு. வழக்கறிஞருக்கு அப்படி எதுவும் இல்லை. சன்னது வாங்கி, 2010-ல் கொண்டுவரப்பட்ட அகில இந்திய பார் தேர்வில் ஒருமுறை தேறிவிட்டால், அதன் பிறகு எத்தனை சட்டம் மாறினாலும் படித்தாரா என்று கேட்பார் இல்லை. அந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு, தேவிகுளத்து நிலச் சிக்கலை எப்படிச் சோதிக்க முடியும்? வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-வது பிரிவு 2011-ல் நடைமுறைக்கு வந்தபின் தமிழ்நாட்டில் பதிவுபெற்றவர் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம். நிலமோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வாதாடும் உரிமை நாடளாவியது, நிலத்தைப் பற்றிய அறிவு தாலுக்கா அளவிலானது. இந்த இடைவெளியை நிரப்ப இன்று எந்த ஏற்பாடும் இல்லை.

இந்த எல்லையில் அந்த இடைவெளி எவ்வளவு அகலமானது என்பதை வெளியூர் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. பாலக்காடும் அட்டப்பாடியும் சென்னை மாகாணத்தின் மலபாரில் இருந்தவை. சித்தூர் கொச்சி ராஜ்யத்தின் பகுதி. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். மூன்று அரசுகளின் நில ஏற்பாடுகள் 1956-ல் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்து எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வந்தாலும், மூலப்பத்திரம் தேடிப் பின்னோக்கிப் போகிறவர் அந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்பார்.

மூணாறையே எடுத்துக்கொள்வோம். 1877-ல் பூஞ்சாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கொடுத்த உரிமையிலிருந்து தொடங்குகிறது கண்ணன்தேவன் மலையின் கதை. 1971-ன் தனிச்சட்டம் அந்த நிலத்தை அரசின்வசம் கொண்டுவந்து, தோட்டத்துக்குத் தேவையானதை மட்டும் அதை நடத்திய கம்பெனியிடம் விட்டது. அதற்கு வெளியே, 1964-ன் நில ஒப்படைப்பு விதிகளின்கீழ் பட்டயம் பெற்ற நிலங்கள் இருக்கின்றன. அவை சொந்த விவசாயத்துக்கும் வீட்டுமனைக்கும் அடுத்த நிலத்தின் அனுபவ வசதிக்கும் என்று கொடுக்கப்பட்டவை. அங்கே தங்கும் விடுதி எழும்பினால் நிபந்தனை மீறல். 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் மூணாறு வட்டாரத்தில் வருவாய்த் துறை அனுமதியின்றிக் கட்டடம் கூடாது என்றது. நோக்கம் மாறிய பயன்பாட்டை முறைப்படுத்த வழிசெய்யும் திருத்தச் சட்டம் 2023-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2024-ல்தான் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. 1977-க்கு முன் காட்டு நிலத்தில் குடியேறியவர்களுக்கு 1993-ன் சிறப்பு விதிகள் தனி. வட்டவடை, கொட்டக்கொம்பூர் பக்கம் 2006-ல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலைச் சரணாலயத்தின் எல்லை வேறு வந்து சேர்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் வந்தால் சிக்கலின் முகம் மாறுகிறது. அட்டப்பாடியில் பழங்குடியினரிடமிருந்து கைமாறிய நிலம் என்றால் 1975, 1999 ஆகிய இரு சட்டங்களையும், பின்னதை ஏற்ற 2009-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் படித்திருக்க வேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வயல் என்று பதிவான இடம் இன்று கண்ணுக்குத் தென்னந்தோப்பாகவே தெரிந்தாலும், 2008-ன் நெல்வயல் பாதுகாப்புச் சட்டமும் 2018-ன் திருத்தமும் அங்கே வீடுகட்டும் உரிமையைத் தீர்மானிக்கின்றன.

எல்லை தாண்டி வந்து வாங்குகிறவர் பெரும்பாலும் கரம் (நிலவரி) கட்டிய ரசீதையும் தண்டப்பேர் (வரிக் கணக்கு) எண்ணையும் பார்த்து நிம்மதி அடைகிறார். அவை உரிமையைத் தருவதில்லை. 1999-ல் தேவிகுளம் தாலுக்காவில் வழங்கப்பட்ட 530 ‘ரவீந்திரன் பட்டயங்கள்’ இதற்குப் போதுமான சான்று. கொடுத்த அதிகாரி ரவீந்திரனுக்கு அதற்கான அதிகாரமே இல்லை என்று அவற்றை ரத்துசெய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். தாளில் முத்திரையும் கையெழுத்தும் சரியாகத்தான் இருந்தன. கையெழுத்திட்டவருக்கு எந்த ஆணையால் அதிகாரம் வந்தது என்று கேட்கத் தெரிந்தவருக்கே குறை புலப்பட்டிருக்கும். சட்டக் கல்லூரி இந்தக் கேள்வியைக் கற்பிப்பதில்லை.

தவறான ஒபீனியனால் நிலத்தை இழந்தவருக்கு என்ன வழி? 2012-ல் நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கிக்குத் தவறான கருத்துரை தந்த வழக்கறிஞரை, சதியில் பங்குண்டு என்ற ஆதாரமில்லாமல் குற்றவாளி ஆக்க முடியாது என்றது. 2024 மே மாதம் வழக்கறிஞரின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும் தீர்ப்பானது. இரண்டும் வழக்கறிஞர் தொழிலின் சுதந்திரத்தைக் காக்கும் தீர்ப்புகள். அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் தவறுக்குப் பிந்தைய கதவுகள் இப்படிக் குறுகும்போது, தவறைத் தடுக்கும் முந்தைய கதவு அகலமாக வேண்டும். பாதுகாப்பைப் பெற்றுக்கொண்டு படிப்பை விருப்பத்துக்கு விடுவது நியாயமாகாது. கட்டாயத் தொடர்கல்விக்கு ஆதரவாக என்னை முழுமையாகச் சாய்த்த வாதம் இதுதான்.

எதிர்வாதங்கள் லேசானவை அல்ல. அனுபவமே ஆசான் என்கிறார்கள் மூத்தவர்கள். அதில் உண்மை உண்டு. முப்பது வருடம் சிவில் வழக்கு நடத்திய ஒருவரின் குமாஸ்தாவுக்கு சர்வே எண்ணும் அதன் பழைய எண்ணும் மனப்பாடமாக இருக்கும். அந்த அறிவை எந்த வகுப்பும் தராது. ஆனால் அது அந்த ஆபீஸோடு முடிந்துபோகிறது. சீனியர் கிடைக்காத முதல் தலைமுறை வழக்கறிஞருக்கு, குறிப்பாகத் தோட்டத் தொழிலாளர் வீட்டிலிருந்து படித்து வந்தவருக்கு, அது எட்டுவதே இல்லை. மேலும், 2008-க்கு முன் கற்ற வயல் சட்டத்தை அனுபவம் என்ற பெயரில் இன்று சொல்கிறவர், கற்காதவரைவிடக் கூடுதல் கேடு செய்வார்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. மணிக்கணக்கு வைத்தால் கல்வி வெறும் வருகைப் பதிவேடாகிவிடும். அமெரிக்காவில் மினசோட்டாவும் அயோவாவும் 1975-ல் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கின. இங்கிலாந்தோ, சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்கு 16 மணி நேரம் என்று வைத்திருந்த விதியை 2016-ல் கைவிட்டு, அவரவர் வேலைக்குத் தேவையானதை அவரவரே கண்டறிந்து கற்றதைக் காட்ட வேண்டும் என்று மாற்றியது. மணிநேரக் கணக்கு தோற்றதை நான் ஏற்கிறேன். அதிலிருந்து கட்டாயமே வேண்டாம் என்ற முடிவுக்குத் தாவுவதை ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தும் அப்படித் தாவவில்லை.

நம்மிடம் இருப்பது என்ன? கேரள பார் கவுன்சிலுக்குக் கொச்சியில் எம்.கே. நம்பியார் பெயரில் தொடர் சட்டக் கல்விக்கான அகாதமி உண்டு. அந்த முயற்சி மதிக்கத்தக்கது. ஆனால் மூணாறிலிருந்து கொச்சி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மலைச்சாலை. ஒருநாள் வகுப்புக்கு இரண்டு நாள் கோர்ட்டை விட வேண்டும். தூரத்தைவிடப் பெரிய குறை, பொதுவாக இத்தகைய வகுப்புகளின் பொருளில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றிய சொற்பொழிவு நல்லதுதான். வருவாய்த் துறையின் அடிப்படை வரிப் பதிவேட்டையும் காட்டு எல்லை அறிவிக்கையையும் சர்வே வரைபடத்தையும் ஒரே மேசையில் விரித்து ஒப்பிடும் பயிற்சியை அது தராது. சமையல் புத்தகத்தை வாசித்துக் காட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் எழுந்துபோவது போல்தான்.

மொழியும் உண்டு. எல்லைத் தாலுக்காக்களின் கட்சிக்காரர் தமிழில்தான் தன் நிலத்தின் கதையைச் சொல்கிறார். சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுத 1969-ன் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞரின் பயிற்சியில் மட்டும் தமிழ் எதற்கு விலக வேண்டும்? இன்னொன்று: இங்கே நிலப் பத்திரங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உரிமம் பெற்ற ஆதார எழுத்தர்கள் (பத்திர எழுத்தர்கள்). அவர்களை வெளியே நிறுத்திவிட்டு வழக்கறிஞருக்கு மட்டும் பாடம் நடத்தினால் பிழை ஊற்றிலேயே தங்கிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: எல்லா வழக்கறிஞருக்குமான மணிநேரக் கட்டாயம் வேண்டாம். நில உரிமைக் கருத்துரை எழுதுகிறவருக்கு, அந்தந்தத் தாலுக்கா சார்ந்த கட்டாயம் வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை, பெயர் மறைத்த ஐந்து பழைய கோப்புகளுக்கு அவர் கருத்துரை எழுதட்டும். ஓய்வுபெற்ற சிவில் நீதிபதி, தாசில்தார், சார்பதிவாளர், சர்வேயர், வன அதிகாரி ஆகியோர் அதை அவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்கட்டும். தேவிகுளம், நெடுங்கண்டம், சித்தூர், அகளி என இடங்கள் அமையட்டும். ஆதார எழுத்தர்களும் அதே மேசையில் உட்காரட்டும். ஏலமலைக் காட்டின் பரப்பைப் போல நீதிமன்றமே முடிவுசெய்யாததை எந்தப் பயிற்சியும் தீர்க்காது. அதைத் தீராத சிக்கல் என்று கருத்துரையில் எழுதவைக்கும்.

இதற்காக வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பேனலில் யாரைச் சேர்ப்பது என்பதை வங்கிகளே முடிவுசெய்கின்றன. இந்தப் பயிற்சியை அவை நாளையே நிபந்தனையாக்கலாம், செலவையும் ஏற்கலாம். பலன் முதலில் அவற்றுக்குத்தான். ஆனால் பார் கவுன்சில் வங்கிகளிடம் ஓர் உறுதியை எழுத்தில் வாங்க வேண்டும்: “இந்த நிலத்துக்குக் குறையற்ற உரிமை என்று சான்றளிக்க இயலாது” என்று காரணத்தோடு எழுதும் வழக்கறிஞரை, கடன் வியாபாரம் தடைபட்டது என்பதற்காகப் பேனலிலிருந்து நீக்கக் கூடாது.