கடிதமும் விண்ணப்பமும்

சரவணையும் அல்லைப்பிட்டியும் ஒரே வேலணைத் தீவின் ஊர்கள். ஆதலின், அல்லைப்பிட்டியிற் பிறந்து பிரான்சிற் புகலிடம் பெற்ற ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) நாவலைத் தீவகத்து வாசகர் பிறர் கதையாகப் படித்தல் அரிது.

புலம்பெயர்ந்தோர் ஊருக்கெழுதிய கடிதங்களிலே பணம் வரும் நாள் இருக்கும். கோப்பை கழுவிய கை இராது. மறைத்தலே அவர்தம் மனச்சோர்வைத் தாங்கும் வழியாயிற்று. அகதி விண்ணப்பமோ இதற்கு நேர்மாறானது. பட்ட துன்பத்தை நாளும் இடமும் குறித்து நிறுவவேண்டும். நிறுவினும் நம்பப்படுமென்ற உறுதியில்லை. நாவல் அத்தகைய விண்ணப்பமொன்றுடனேயே தொடங்குகின்றது. ஆசிரியர் புலம்புவதில்லை, அலுவலக மொழியையே எள்ளலாக்குகின்றார். சிலவிடத்து அவ்வெள்ளல் மிகுந்து பாத்திரங்களின் துயரையும் விழுங்கிவிடுகின்றதென்பதையும் சொல்லியாகவேண்டும்.

அவர் நடித்த, ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ திரைப்படம் 2015இற் கான் விழாவிலே தங்கப்பனை விருது பெற்றது. பொய்க் குடும்பமாகப் பிரான்சை அடைந்த மூவருள் தீபன் பாரிசின் புறநகர்க் குடியிருப்பொன்றிலே பராமரிப்பாளனாகின்றான். மொழி விளங்காமற் சிரித்துச் சமாளிக்கும் அவன் முகத்தில் அந்த வாழ்வு முழுவதும் தெரிகின்றது. ஆனால், முடிவில் அவர்களை இங்கிலாந்தின் பசும்புற்றரையிலே கொண்டுபோய் நிறுத்தியமை, ஊருக்கெழுதும் கடிதத்தின் பொய்யையே திரையில் ஏற்றியதாகும்.