உறுதியின் சமூக வேர்கள்
ஆன் மூடியின் சுயசரிதை பற்றிய ஒரு நோக்கு

சுயசரிதையைத் தனிமனித வாழ்வின் பதிவாக மாத்திரம் கொள்ளும் வழக்கம் இலக்கிய உலகில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்கள் எழுதிய சுயசரிதைகளைப் பொறுத்தவரை இந்நோக்குப் போதியதன்று. 1845இல் வெளிவந்த பிரெடெரிக் டக்ளசின் அடிமை வாழ்வு வரலாறு, 1861இல் வெளிவந்த ஹரியட் ஜேக்கப்சின் நூல், 1965இல் வெளிவந்த மல்கம் எக்ஸின் சுயசரிதை ஆகிய யாவற்றிலும் 'நான்' என்று பேசும் குரல், ஒரு மக்கட் கூட்டத்தின் சார்பிற் சாட்சியம் கூறும் குரலாகவே அமைந்துள்ளது. இம்மரபில் 1968இல் வெளிவந்தது ஆன் மூடி எழுதிய 'கமிங் ஒவ் ஏஜ் இன் மிசிசிப்பி' என்னும் நூல். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு கறுப்பினச் சிறுமி வளர்ந்து ஆளாகியமையைக் கூறும் இந்நூலே இங்கு நமது ஆய்வுக்குரியது.

இத்தகைய நூல்கள் இருவகையாகத் தவறாக வாசிக்கப்படும் அபாயம் உண்டு. துன்பங்கள் அனைத்தையும் தன் மனவலிமையால் வென்று நிமிர்ந்த ஒரு பெண்ணின் வெற்றிக்கதையாக இதனைக் கொள்வது ஒருவகை. உழைப்பும் உறுதியும் இருந்தால் எவரும் உயரலாம் என்ற அமெரிக்கத் தனிமனிதவாதத்துக்கு இவ்வாசிப்பு மிகவும் உவப்பானது. நூலின் முடிவில் நம்பிக்கை ஒலிக்கவில்லை, ஆதலால் இது இயக்கத்துக்குப் பயன்படாது என ஒதுக்குவது மற்றொரு வகை. முற்போக்குத் திறனாய்வின் வழிவந்த நம்மவருக்கு இத்தகைய தீர்ப்பு அந்நியமானதன்று. இவ்விரு வாசிப்புகளும் ஒரே தவறிலிருந்து பிறக்கின்றன என்பது நமது கருத்து. உறுதி என்பதனைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து, ஒருவரிடம் இருக்கும் அல்லது இல்லாத குணமாக இரண்டுமே கொள்கின்றன.

1940இல் வாரக்குடிக் குடும்பமொன்றிற் பிறந்தவர் மூடி. பெருந்தோட்டமொன்றின் இரண்டறைக் குடிசையில் அவரது கதை தொடங்குகின்றது. ஒன்பது வயதிலேயே வெள்ளையர் வீடுகளில் வேலைக்குச் செல்கின்றார். திரையரங்கொன்றில் வெள்ளை இனத் தோழர்களுடன் கீழ்த்தளத்துக்குச் செல்ல முயன்றபோது தாய் அவரை இழுத்துச் செல்கின்றாள். தமக்குரிய இடம் மேல்மாடமே என்பதை அன்றுதான் அக்குழந்தை அறிகின்றது. பின்னர் அவருக்கு மற்றுமொரு புதிர் எழுகின்றது. உறவினருட் சிலர் தோற்றத்தில் வெள்ளையரைப் போன்றே இருந்தும் வெள்ளையராகக் கருதப்படவில்லை. அவ்வாறாயின் ஒருவரை வெள்ளையராக்குவது யாது? தாயிடமும் இதற்கு விடையில்லை. இனம் என்பது இயற்கை வகுத்த பிரிவன்று, சமூகம் வகுத்த பிரிவே என்ற உண்மையை, கோட்பாட்டுச் சொல் எதுவுமின்றி ஒரு சிறுமியின் குழப்பத்தினூடாகவே ஆசிரியர் உணர்த்திவிடுகின்றார். மாற்றாந்தந்தையின் குடும்பத்தினர் தம் வெளிர்நிறம் காரணமாகத் தாயை இழிவாக நடத்துவதையும் அவர் மறைக்கவில்லை. ஒடுக்கப்பட்டோரிடையேயும் ஒடுக்குவோரின் அளவுகோல் செயற்படுவதை இப்பகுதி காட்டுகின்றது.

1955 ஓகஸ்டில் எமெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் மிசிசிப்பியில் வெள்ளையராற் கொல்லப்பட்டான். அப்போது மூடிக்கும் வயது 14. பசி, நரகம், பேய் முதலியவை பற்றி முன்பிருந்த அச்சங்களோடு, கறுப்பராயிருப்பதற்காகவே கொல்லப்படலாம் என்ற புதிய அச்சமும் சேர்ந்துகொள்கின்றது. எதுவும் அறியாதவள் போல வேலைக்குப் போ என்பதே தாயின் அறிவுரை. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தைப் பற்றி அவர் ஆசிரியை ஒருவரிடம் கேட்டறிகின்றார். விளக்கம் கூறிய அவ்வாசிரியை பின்னர் வேலையை இழக்கின்றார். அச்சம் இங்கு உளநிலை மாத்திரமன்று. வேலை, கூலி, கல்வி, சட்டம் ஆகியவற்றின் வழியாக ஒழுங்குபடுத்தப்பட்டதோர் ஆட்சிமுறையாகவே அது நிற்கின்றது.

இந்நூலின் மையமாக நாம் கருதுவது 1963 மே 28ஆம் நாள் நிகழ்ச்சியாகும். டூகலூ கல்லூரி மாணவியாகிய மூடி, வேறு இரு மாணவருடன் ஜக்சன் நகரின் வூல்வேர்த் கடையில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட உணவு மேசையில் அமர்கின்றார். பின்னர் ஆசிரியர் ஒருவரும் வெள்ளையினத்தவர் சிலரும் இணைந்துகொள்கின்றனர். திரண்ட கும்பல் அவர்களை அடித்து இழுத்துத் தள்ளி, தக்காளிச் சோஸ், கடுகுக் குழம்பு, சீனி ஆகியவற்றைத் தலையிற் கொட்டுகின்றது. பொலிசார் வெளியே நின்று பார்த்திருக்கின்றனர். வீரம் பேசுவதற்கு வாய்ப்பான இடம் இது. ஆயின் ஆசிரியர் அதன்பின் நம்மை அழைத்துச் செல்வது ஓர் அழகுநிலையத்துக்கு. காலணியிழந்து, கடுகுக் குழம்பு காய்ந்த கால்களுடன் அவர் அங்கு நுழைகின்றார். காத்திருந்த பெண்கள் மூவர் தமது முறையை மகிழ்வுடன் விட்டுக்கொடுக்கின்றனர். கடைக்காரப் பெண் தலையைக் கழுவியதோடு நில்லாது அவரது கால்களையும் கழுவிவிடுகின்றாள். போராட்ட மேசையில் ஒருபோதும் அமர்ந்திராத அப்பெண்கள், அன்றைய போராட்டத்தில் தமக்குரிய பங்கை அவ்வாறு ஆற்றுகின்றனர். மனவுறுதி எங்கிருந்து வருகின்றது என்ற வினாவுக்கு இந்நூல் தரும் விடை இச்சிறு காட்சியிலேயே அடங்கியுள்ளது.

எனினும், இவ்விடையை ஆசிரியர் எப்போதும் நினைவிற் கொள்வதில்லை. எதிர்த்து நில்லாத முதிய தலைமுறையினர் மீது அவருக்குக் கடுங்கோபம் உண்டு. தாயின் மௌனத்தைக் கோழைமையாகவே அவர் பெரிதும் எடைபோடுகின்றார். ஊர்ச் செரிப் தாயிடம் வந்து எச்சரிக்கை விடுத்ததையும், மகள் ஊர் திரும்பலாகாது எனத் தாய் அஞ்சிக் கடிதம் எழுதியதையும் அவரே பதிவு செய்துள்ளார். பல குழந்தைகளுடன் அவ்வூரில் வாழ்ந்தாக வேண்டிய ஒருத்திக்கு மௌனமே எஞ்சியிருந்த கவசம். பொறுத்தலும் எதிர்த்தலும் ஒன்றல்ல. எனினும் முன்னதன் நிழலிலேயே பின்னது வளர்ந்தது. நூல் தரும் தகவல்கள் நூலாசிரியரின் தீர்ப்புக்கு எதிராகப் பேசும் இடம் இது. இதனை இந்நூலின் குறைபாடென்றே கூறவேண்டும். ஆயினும் தமது தீர்ப்புக்குப் பாதகமான சான்றை மறைக்காத நேர்மை அதனை ஓரளவு ஈடுசெய்கின்றது.

நூல் குழந்தைப் பருவம், உயர்பள்ளி, கல்லூரி, இயக்கம் என நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. முதல் மூன்றும் ஒருவரது வாழ்வின் கட்டங்கள். நான்காவது வரலாற்றின் பெயர். தனிவாழ்வு பொதுவாழ்வினுள் கலப்பதை இவ்வமைப்பே உணர்த்துகின்றது. அக்கலப்பு இன்பமயமானதன்று. இனச் சமத்துவப் பேரவையின் ஊழியராகக் கன்டன் நகரில் வாக்காளர் பதிவில் ஈடுபட்ட காலத்தில் உறக்கமின்மையும் உடல்மெலிவும் அவரை வாட்டுகின்றன. கூ கிளக்ஸ் கிளானின் பட்டியலில் அவரது படம் இடம்பெறுகின்றது. 1963 செப்டெம்பர் 15ஆம் நாள் பேமிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமியர் கொல்லப்படுகின்றனர். அன்று அவரது 23ஆவது பிறந்தநாள். அகிம்சையில் அவருக்கிருந்த பற்று அத்துடன் தகர்கின்றது. சிறிது காலம் இயக்கத்தை விட்டு விலகி நியூ ஓர்லியன்சில் உணவகமொன்றில் வேலை செய்கின்றார். 'தளராத வீராங்கனை' என்னும் படிமத்துக்கு இது ஒத்துவராது. ஆயின், தளர்ச்சியையும் கூறுவதனாலேயே இந்நூல் நம்பத்தக்கதாகின்றது. உறுதி செலவாகக் கூடியது. மீண்டும் ஈட்டப்பட வேண்டியது.

1963 ஓகஸ்டு 28இல் நிகழ்ந்த வாஷிங்டன் பேரணியிலும் மூடி கலந்துகொண்டார். மாட்டின் லூதர் கிங் கனவு பற்றி அங்கு ஆற்றிய உரையை உலகம் போற்றுகின்றது. கன்டனில் உறங்குவதற்கே நேரமற்றிருந்த தமக்குக் கனவு காண நேரமேது என்பது மூடியின் கசப்பு. 1964இல் மிசிசிப்பியின் நிலைமையைத் தலைநகரில் எடுத்துரைக்கச் செல்லும் பேருந்தில், சூழ இருப்போர் வெற்றி உறுதியெனப் பாட, அவர் ஐயுற்றிருப்பதுடன் நூல் முற்றுப்பெறுகின்றது.

இவ்வையம் நம்பிக்கை வரட்சியா? வரலாற்றை நோக்குவோம். 1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள், சட்டத்துக்கு முன்னர் 6.7 சதவீதத்தினரே வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர். 1967இல் அது ஏறத்தாழ 60 சதவீதமாயிற்று. கன்டன் போன்ற ஊர்களில் அஞ்சியஞ்சி வீடுவீடாக ஏறியிறங்கியோரின் உழைப்பு வீணாகவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் 2013இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் அனுமதியைப் பெறவேண்டிய மாநிலங்களைத் தீர்மானிக்கும் பிரிவினைச் செல்லாததாக்கியது. மிசிசிப்பியும் அவற்றுள் ஒன்று. பெற்ற உரிமையும் மீளப் பறிபோகக்கூடியது என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்திருந்தது மூடியின் ஐயம். பாடியோரும் பிழைக்கவில்லை, ஐயுற்றவரும் பிழைக்கவில்லை. அவர்கள் ஒரே பேருந்திற் சென்றனர் என்பதே முக்கியம்.

பிற்காலத்தில் மூடி பொதுவாழ்விலிருந்து பெரிதும் ஒதுங்கி வாழ்ந்து, 2015இல் மிசிசிப்பியிலேயே காலமானார். அவரது நூலை ஒரு தனிப்பெண்ணின் வெற்றியாக மெச்சுவோர், அவரை அந்நிலைக்கு உள்ளாக்கிய அமைப்பை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகின்றனர். அதனை நம்பிக்கையற்ற நூலென ஒதுக்குவோர், நம்பிக்கைக்கு மனிதர் கொடுக்கும் விலையைக் கணக்கில் எடுக்கத் தவறுகின்றனர். ஒடுக்கப்பட்டோர் எழுதும் வாழ்க்கை வரலாறுகளை அணுகும்போது, இவர் எத்துணை உறுதி படைத்தவர் என வியப்பதோடு நில்லாது, அவ்வுறுதி ஏன் தேவைப்பட்டது, அதனைத் தாங்கி நின்றவர் யாவர் என்ற வினாக்களையும் திறனாய்வாளர் எழுப்புதல் வேண்டும்.