பொம்மைச் சந்தையும் ஒரு கனசதுரமும்

ஜெர்மனியிலுள்ள நூரெம்பர்க், நெடுங்காலமாகப் பொம்மைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். 1950-ஆம் ஆண்டு தொடங்கிய அதன் சர்வதேசப் பொம்மைப் பொருட்காட்சி, உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆனால், வாசகர்களே, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நாம் அங்கே நுழைந்துவிட முடியாது. உற்பத்தியாளர்களும் கடைக்காரர்களும் கூடிக் கொள்முதல் பேசும் இடம் அது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

கடைக்கு எந்தப் பொம்மை வரும் என்பதை இத்தகைய இடங்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன. எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்? அரங்கு அரங்காகச் சுற்றும் வணிகர் ஒரு பொம்மைக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடியும். அதற்குள் மின்னுவதும் பேசுவதும் தானே ஓடுவதும்தான் கண்ணைக் கவரும். குழந்தையோ அதே பொம்மையுடன் மாதக்கணக்கில் வாழவேண்டும். நான் காணும் குறை இதுதான்.

ஒரு சான்று கூறுகிறேன். புடாபெஸ்ட் நகரில் ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக், 1974-இல் ஒரு வண்ணக் கனசதுரத்தை உருவாக்கினார். 1979-இல் வணிகர் ஒருவர் அதை நூரெம்பர்க்குக் கொண்டுபோனார். அவருக்கு அங்கே அரங்கு கிடையாது. கனசதுரத்தைத் திருகியபடியே கூட்டத்தில் நடந்தார். டாம் கிரெமர் என்பவர் அதைக் கண்டு வியந்தார். ஆயினும், பல நிறுவனங்கள் 'இது மிகக் கடினம்' என்று ஒதுங்கின. கடைசியில் ஓர் அமெரிக்க நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1980-இல் உலகச் சந்தைக்கு வந்த கனசதுரம் கோடிக்கணக்கில் விற்றது.

வணிகர்கள் காணத் தவறியது என்ன? வெளியே தெரியும் துண்டுகள் 26. நடுவிலுள்ள ஆறு கைகளில் ஆறு மையத் துண்டுகள் சுழல்கின்றன. அவை விளிம்புத் துண்டுகளைப் பிடிக்க, விளிம்புகள் மூலைகளைப் பிடிக்கின்றன. எப்படித் திருகினாலும் உதிராததன் இரகசியம் இதுவே. இதில் அமையக்கூடிய நிலைகள் ஏறத்தாழ 4.3 × 10¹⁹. நொடிக்கு ஒன்றாகப் பார்த்து முடிக்க, பிரபஞ்சத்தின் வயதைப்போல் சுமார் நூறு மடங்கு காலம் வேண்டும்! எந்த நிலையையும் 20 திருப்பங்களுக்குள் சரிசெய்யலாம் என்று கணிப்பொறியின் துணையுடன் நிறுவப்பட்டது 2010-இல்தான். பேட்டரியும் விளக்கும் இல்லாத ஒரு பொம்மை, கணித அறிஞர்களுக்கே பல ஆண்டுகள் வேலை கொடுத்தது.

பொருட்காட்சியே வேண்டாம் என்பது என் வாதமன்று. கிரெமரின் கண்ணில் கனசதுரம் பட்டதும் அங்கேதான். ஆனால், அரங்கில் அலங்கரித்து வைத்ததால் அன்று. ஒருவர் கையில் அது இயங்கிக்கொண்டிருந்ததால் பட்டது.

ஆகவே, அடுத்தமுறை பொம்மை வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். பேட்டரி தீர்ந்தபின் இதைக்கொண்டு குழந்தை என்ன செய்யும்? இது எப்படி இயங்குகிறது என்று குழந்தை கேட்டால், அதைத் தொட்டும் திருப்பியும் விடை தேட வழி உண்டா? வணிகருக்குச் சில நிமிடங்கள்தான். நமக்கு அந்த அவசரம் இல்லை.