நிறுத்த எடையும் சொன்ன எடையும்

துவாஸ் துறைமுகம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் முறைப்படி திறந்து வைக்கப்பெற்றது. அங்குக் கப்பலேறும் சரக்குப் பெட்டகம் ஒவ்வொன்றும் எடை சரிபார்க்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். 2016 ஜூலை முதல் உலகத் துறைமுகங்கள் அனைத்துக்கும் பொதுவான விதி அது. எழுதித் தந்த எடையை அப்படியே நம்பிக் கப்பல்கள் இடருற்ற பட்டறிவே அவ்விதிக்கு வித்து. எண் எத்துணைத் துல்லியமாகத் தோன்றினும், நிறுத்தவர் யார் என்னும் வினா எஞ்சியே நிற்கும். அவ்வினாவை உரைகல்லாகக் கொண்டு, ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இல் வெளியிட்ட 'நிலக்கரிச் சிக்கல்' என்னும் ஆங்கில நூலை மதிப்பிடுதல் தகும்.

அந்நூற்பொருள் சிங்கப்பூருக்கு அயலானதன்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், நீராவிக் கப்பல்கள் தஞ்சோங் பகாரில் நிலக்கரி நிரப்பிக்கொண்டே மேற்சென்றன. கூலியாட்கள் கூடை கூடையாய்ச் சுமந்தேற்றிய அக்கரியில் ஒரு பகுதி பிரிட்டனின் சுரங்கங்களிலிருந்து வந்ததாகும்.

அந்நாட்டில் ஆண்டுதோறும் வெட்டப்பட்ட கரி எவ்வளவு என்பதை நெடுங்காலம் எவரும் திட்டமாக அறிந்திலர். கடல்வழி லண்டனுக்குச் சென்ற கரிக்கு வரி உண்டு. ஆதலின் அதற்குக் கணக்கும் உண்டு. சுரங்க வாயிலிலேயே எரிந்த கரிக்கு அத்தகைய கணக்கில்லை. அளவையும் ஒன்றாக இல்லை. 'சால்ட்ரன்' என்னும் ஒரே பெயர் நியூகாசிலில் ஓர் எடையையும், லண்டனில் அதனினும் மிகக் குறைந்த ஒரு முகத்தலளவையும் குறித்தது. கரியை உடைக்க உடைக்க அது மிகுதியான இடத்தை அடைக்கும். முகந்து விற்ற வணிகர்க்கு உடைந்த கரியே ஆதாயமாயிற்று. கரியை நிறுத்தே விற்க வேண்டும் என நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது 1835இல்தான்.

இக்குழப்பத்திற்கு ஒழுங்கு தந்தவர் ராபர்ட் ஹண்ட். சுரங்க ஆவணக் காப்பாளரான அவர் தொகுத்த கணக்கின்படி, 1854இல் பிரிட்டனின் விளைவு ஏறத்தாழ 64.7 மில்லியன் டன். ஆயின், அக்காலத்தில் விவரம் தருமாறு சுரங்க உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. மனமுவந்து தந்தோரின் எண்களே அடித்தளமாயின. அக்கட்டாயம் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஏற்பட்டது.

ஜெவன்ஸின் கட்டடம் ஹண்டின் இவ்வடித்தளத்தின்மீது எழுந்தது. பழைய ஊகங்களை ஒதுக்கித் தொகுத்த கணக்கை நாடியது அவர்தம் சிறப்பு. கரியைச் சிக்கனமாக எரிக்கும் பொறி வந்தால் கரிச் செலவு குறையாது, பெருகவே செய்யும் என்று கண்டது அவர்தம் அறிவுக் கூர்மை. குறை வேறிடத்தில் உள்ளது. பத்தாண்டுக்கும் உட்பட்ட கணக்கைக் கொண்டு, ஆண்டு வளர்ச்சி 3.5 விழுக்காடு என்று அவர் கொண்டார். அதே வளர்ச்சி நீடித்தால் 1961இல் 2,607 மில்லியன் டன் தேவைப்படும் என்று காட்டினார். அது நடவாது என்பதே அவர்தம் முடிபு எனினும், அந்த 3.5 விழுக்காடு ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. ஆண்டுதோறும் கூடியது வெட்டிய கரி மட்டும்தானா? கணக்குக் கொடுத்த சுரங்கங்களும் கூடினவா? இவ்வினா விடைபெறாதவரை வளர்ச்சியளவு உறுதிப்படாது. பிரிட்டனின் விளைவு 1913இல் 287 மில்லியன் டன்னாக உச்சம் தொட்டுப் பின்னர்ச் சரிந்தது.

இன்னுமொரு குறை இதனினும் ஆழமானது. நாட்டின் கணக்கு சுரங்க வாயிலில் தொடங்குகிறது. அங்கே தொழிலாளி வெட்டிய கரியை நிறுத்தவர் உரிமையாளரின் ஆள். கல் கலந்தது என்றும் நிறை குறைந்தது என்றும் கூலி பிடிக்கப்பட்டது. தங்கள் சார்பில் எடையைச் சரிபார்க்கத் தாங்களே ஒருவரை அமர்த்திக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளர் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்றனர். ஜெவன்ஸின் நூலுக்கு ஐந்தாண்டு முற்பட்ட செய்தி இது. எனினும் அவர்தம் அட்டவணைகளில் மில்லியன் டன்களே உள. தராசின் இருபுறமும் நின்ற மனிதர் இலர்.

சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்கினார் வள்ளுவர். அக்கோல் ஒருவர் கையிலேயே இருக்குமாயின் அதன் நடுவுநிலையை மற்றவர் எங்ஙனம் அறிவர்? சுரங்கத் தொழிலாளர் கேட்டது கூலி உயர்வை மட்டுமன்று. எடையைப் பார்க்கும் உரிமையையும் கேட்டனர். அவர்கள் வென்ற அவ்வுரிமையே நாட்டுக் கணக்கிற்கும் நம்பகத்தைத் தருவது. ஜெவன்ஸின் நூல் இன்றும் கற்கத்தக்கது. அதன் எண்களோ, நிறுத்தவர் யார் என்று கேட்டபின் ஏற்கத்தக்கன.